மூங்கிலில் எழுதிய மடக்கை: பழைய ஸ்லைடு ரூலைத் தேடுவதும் அதில் கணக்குப் போடுவதும்

ஜப்பானின் ஹெம்மி நிறுவனம் செய்த, என்னிடம் உள்ள ஸ்லைடு ரூலின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொடியாகக் குத்தியிருக்கின்றன: ‘ஆர்’, ‘எஃப்’. முதல் எழுத்து வருடத்துக்கு, அடுத்தது மாதத்துக்கு. 1950-க்கு ‘ஏ’ என்று தொடங்கி விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனால் ‘ஆர்’ வருவது 1967-இல். ஜனவரிக்கு ‘ஏ’ என்றால் ‘எஃப்’ ஜூன். 1967 ஜூனில் ஜப்பானில் செய்த கோல். உடம்பு மூங்கில், அதன்மேல் வெள்ளை செல்லுலாய்ட் தகடு, தகட்டில் கறுப்பிலும் சிவப்பிலும் நூற்றுக்கணக்கான கோடுகள். நடுப்பட்டை இன்றைக்கும் வழவழவென்று ஓடுகிறது. போன வாரம் ஒரு வீட்டுமனைக் கணக்கை அதில்தான் போட்டேன்.

கால்குலேட்டர் வருவதற்கு முன் பெருக்கவும் வகுக்கவும் கையில் எடுத்த, நடுப்பட்டை நகரும் கணக்குக் கோல் இது. தமிழில் நழுவுகோல் என்று சொல்லலாம். ஆனால் வைத்துக் கணக்குப் போட்ட தலைமுறை ஸ்லைடு ரூல் என்றே சொன்னது. நானும் அப்படியே எழுதுகிறேன். 1970-களின் நடுப்பகுதிவரை பொறியியல் படித்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள், கை தானாகச் சட்டைப்பையை நோக்கிப் போகும். அதற்குப் பின் வந்தவர்களுக்கு அது கண்ணாடி அலமாரிப் பொருள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சேகரித்து அடுக்கி வைப்பதற்காக மட்டும் இதை வாங்குவது, வீணையை வாங்கி உறைபோட்டு மூலையில் சாத்தி வைப்பது மாதிரி. இது ஓடுகிற கருவி. ஓட்டிப் பார்த்தால்தான் எது நல்ல கோல், எது வெறும் பழைய கோல் என்பதே தெரியும். ஆகவே முதலில் கணக்கு, பிறகு கடை.

பெருக்கல் எப்படிக் கூட்டலாகிறது

இரண்டு சாதாரண மர ஸ்கேல்களை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் ஸ்கேலின் 2 மீது மேல் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். மேல் ஸ்கேலில் 3-க்கு நேர் கீழே பார்த்தால் 5. இரண்டு நீளங்களை அடுத்தடுத்து வைத்தோம், கூட்டல் கிடைத்தது. இதில் அதிசயம் எதுவும் இல்லை.

இப்போது எண்களை ஒரே இடைவெளியில் எழுதாமல், ஒவ்வொரு எண்ணையும் அதன் மடக்கை (லாகரிதம்: 10-ஐ எத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் அந்த எண் வரும் என்ற அளவு) சொல்லும் தூரத்தில் எழுதினால் என்ன ஆகும்? 25 செ.மீ. கோலில் 1 இடது ஓரத்திலும் 10 வலது ஓரத்திலும் இருக்கட்டும். 2-இன் மடக்கை 0.30103, ஆகவே 2 என்ற கோடு ஓரத்திலிருந்து 75.26 மி.மீ. தள்ளி விழும். 3-இன் மடக்கை 0.47712, அது 119.28 மி.மீ. தள்ளி. இந்த இரண்டு நீளங்களையும் சேர்த்தால் 194.54 மி.மீ. அந்த இடத்தில் இருக்கும் எண் 6. நீளங்களைக் கூட்டினோம், எண்கள் பெருகிவிட்டன. பிளஸ் டூ தேர்வுக் கூடத்தில் மடக்கை அட்டவணையைப் புரட்டி, இரண்டு எண்களைக் கூட்டி, எதிர்மடக்கைப் பக்கத்துக்குப் போன எல்லோரும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். அந்த அட்டவணையைச் சுருட்டி ஒரு குச்சிமேல் ஒட்டினால் அதுதான் ஸ்லைடு ரூல்.

வரலாறும் அதே வரிசையில்தான் நடந்தது. ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கையை வெளியிட்டார். ஹென்றி பிரிக்ஸ் அவரைத் தேடிப்போய்ப் பேசி, பத்தை அடியாகக் கொண்ட மடக்கையாக அதை மாற்றினார். 1620-இல் எட்மண்ட் கன்டர் மடக்கையை ஒரு கோலில் கோடுகளாக வரைந்தார். ஆனால் நீளங்களைக் கவராயத்தால் அளந்து அளந்து கூட்ட வேண்டியிருந்தது. கவராயம் எதற்கு, இரண்டு கோல்களை ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தினால் போதாதா என்று கேட்டவர் வில்லியம் ஓட்ரெட், ஒரு கிராமத்துப் பாதிரியார். பெருக்கலுக்கு நாம் போடுகிற × குறியை 1631-இல் அச்சில் ஏற்றியவரும் அவரே. பெருக்கல் குறியையும் பெருக்கும் கருவியையும் ஒரே ஆள் தந்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிற செய்தி. வட்ட வடிவ ஸ்லைடு ரூல் யாருடையது என்பதில் அவருக்கும் அவரிடம் படித்த ரிச்சர்ட் டெலமெய்னுக்கும் பெரிய சண்டை நடந்தது. முதலில் அச்சிட்டவர் மாணவர், 1630-இல்.

அதன்பிறகு இரண்டு நூற்றாண்டுகள் இது சாராயப் பீப்பாய் அளக்கிற வரி அதிகாரிகளிடமும், தச்சர்களிடமும், ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின் பட்டறையிலும் இருந்தது. 1851-இல் பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி அமெதே மன்ஹைம் நான்கு ஸ்கேல்களையும், மயிரிழைக் கோடு போட்டு நகரும் கண்ணாடியான கர்சரையும் சேர்த்து ஓர் ஒழுங்கு கொடுத்தார். இன்று நம் கைக்குக் கிடைக்கிற கோல்கள் பெரும்பாலும் அந்த அமைப்பின் பிள்ளைகள்.

மனைக் கணக்கு

கோலின் நடுவில் ஓடுகிற பட்டையில் கீழ் விளிம்பில் இருப்பது சி ஸ்கேல். அதை ஒட்டி அசையாத சட்டத்தில் இருப்பது டி ஸ்கேல். இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஆரம்பத்தில் இந்த இரண்டு மட்டும் போதும்.

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 5.5 சென்ட் எத்தனை சதுர அடி? சி-யின் 1-ஐ டி-யின் 4.356 மேல் வைக்க வேண்டும். 4-க்கும் 10-க்கும் இடையே சிறு கோடுகள் 0.05 இடைவெளியில் இருக்கும், எனவே 4.35 கோட்டைத் தாண்டி ஒரு துளி. அந்தத் துளியைக் கண்ணால் மதிப்பிட வேண்டும். வைத்துவிட்டு சி-யில் 5.5-ஐத் தேடினால் அது கோலுக்கு வெளியே போய்விட்டது. பதற வேண்டாம். இடது ஓரத்து 1-க்குப் பதில் வலது ஓரத்து 10-ஐ அதே 4.356 மேல் கொண்டுவாருங்கள். இப்போது சி-யின் 5.5-க்கு நேர் கீழே, 2.4-க்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கும். 2.396 என்று படிக்கிறேன்.

2.396 என்னவாம்? சதுர அடியா? இல்லை. கோல் 2, 3, 9, 6 என்ற இலக்கங்களை மட்டும் சொல்லும். 2.396-ஆ, 239.6-ஆ, 2,396-ஆ என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சென்ட்டுக்கு நானூற்றுச் சொச்சம், ஐந்தரை சென்ட், இரண்டாயிரத்துக்கு மேல், ஆகவே 2,396. சதுர அடி 1,850 ரூபாய் என்றால் மொத்தம் எவ்வளவு? கோல் 4.43 என்கிறது. ஏறக்குறைய 2,400, ஏறக்குறைய 2,000, பெருக்கினால் 48 லட்சம். ஆகவே நம் விடை 44.3 லட்சம். பத்திரப்பதிவுக்கு இது போதாது, அங்கே கடைசி ரூபாய்வரை வேண்டும். இந்த மனை நம் கைக்கு எட்டுமா என்று கேட்டு முடிவெடுக்க இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இந்த இடத்தில்தான் ஸ்லைடு ரூலின் மேல் எனக்குள்ள மரியாதை முழுவதும் இருக்கிறது. கால்குலேட்டர் புள்ளியையும் சேர்த்துத் தந்துவிடுகிறது. அதனால் விடை எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டி யோசிக்கிற வேலை நம்மைவிட்டுப் போய்விட்டது. ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டு, பத்து மடங்கு பிழையான விடையை எட்டு இலக்கத் துல்லியத்தோடு எழுதி வைப்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஸ்லைடு ரூல்காரருக்கு அந்த வாய்ப்பே இல்லை. தோராய விடை மனதில் இல்லாமல் அவரால் விடையைப் படிக்கவே முடியாது. கட்டடமும் பாலமும் வடிவமைத்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் முக்கால்வாசிவரை ஒவ்வொரு கணக்கையும் இரண்டு முறை போட்டார்கள்: ஒருமுறை மனதில் அளவுக்காக, ஒருமுறை கோலில் இலக்கத்துக்காக.

மனைக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். நடுப்பட்டையை அசைக்காமல் அப்படியே விட்டு, சி-யின் 3-க்குக் கீழே பார்த்தால் 1.307, அதாவது 3 சென்ட் 1,307 சதுர அடி. 8-க்குக் கீழே 3,485. ஒருமுறை வைத்துவிட்டால் கோல் முழுவதுமே சென்ட்–சதுர அடி அட்டவணை. அங்குலம்–சென்டிமீட்டர், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், நாணய மாற்று என விகிதத்தில் போகிற எதுவும் இப்படித்தான். கால்குலேட்டரில் ஒவ்வொரு விடைக்கும் தனித்தனியாகத் தட்ட வேண்டும். இங்கே கண்ணை நகர்த்தினால் போதும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் தடுக்கி விழுவது கோடுகளைப் படிப்பதில். 25 செ.மீ. கோலில் 1-இலிருந்து 2 வரை ஒரு சிறுகோட்டின் மதிப்பு 0.01. 2-இலிருந்து 4 வரை 0.02. 4-க்குப் பிறகு 0.05. இடம் சுருங்கச் சுருங்கக் கோடுகளைக் குறைத்திருக்கிறார்கள். இது மனதில் படிந்துவிட்டால் மீதி எல்லாம் ஒரு வாரப் பழக்கம்.

துல்லியம் எவ்வளவு? கோட்டைப் படிப்பதில் 0.1 மி.மீ. தவறினால் விடையில் சுமார் 0.09 சதவீதம் பிழை வரும். இது கோலின் இடது ஓரத்தில் படித்தாலும் வலது ஓரத்தில் படித்தாலும் அதே சதவீதம்தான். மடக்கையின் இயல்பு அது. ஆயிரத்தில் ஒன்று என்பது சிமெண்ட், இரும்பு, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றோடு வேலைசெய்யும் பெரும்பாலான கணக்குகளுக்குத் தாராளம். நம்முடைய டேப்பும் மீட்டரும் பல சமயம் அவ்வளவுகூடச் சரியாக இருப்பதில்லை.

மற்ற ஸ்கேல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ ஸ்கேலில் 1 முதல் 100 வரை இருக்கும். டி-யில் ஒரு எண்மேல் கர்சரை வைத்தால் ஏ-யில் அதன் வர்க்கம். திருப்பிப் போனால் வர்க்கமூலம். 2-க்கு இடது பாதி, 20-க்கு வலது பாதி என்று பார்த்துப் போக வேண்டும், இல்லையென்றால் 1.414 வர வேண்டிய இடத்தில் 4.472 வந்து நிற்கும். கே ஸ்கேலில் கனம், அதாவது மூன்றாம் அடுக்கு. சில கோல்களில் 1-க்குப் பதில் ‘பை’யின் (π) மதிப்பில் தொடங்குகிற மடித்த ஸ்கேல்கள் உண்டு. விடை கோலுக்கு வெளியே ஓடிவிடும்போது இவை கைகொடுக்கும். ‘பை’ ஏறக்குறைய 10-இன் வர்க்கமூலத்துக்கு அருகில் இருப்பதால் ஸ்கேல் நடுவில் மடிகிறது, கூடவே ‘பை’யால் பெருக்குவதும் இலவசமாகக் கிடைக்கிறது. இதை யோசித்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

எல்.எல். ஸ்கேல்களை மட்டும் அவசரமாகக் கடக்க மனம் வரவில்லை. மடக்கைக்கே மடக்கை எடுத்து வரைந்த ஸ்கேல் இது. 1815-இல் பீட்டர் மார்க் ரொஜெட் என்ற மருத்துவர் முன்வைத்தது, ஆங்கில ஒருபொருட்பன்மொழி அகராதியால் பின்னாளில் பேர்பெற்ற அதே ரொஜெட். கூட்டல் பெருக்கலாவது போல, இங்கே பெருக்கல் அடுக்காக மாறிவிடும். எல்.எல்.1 ஸ்கேலில் 1.08 மீது கர்சரை நிறுத்துங்கள். நடுப்பட்டையைத் தொடவே வேண்டாம். அதே மயிரிழைக் கோட்டில் எல்.எல்.2-ஐப் பார்த்தால் 2.159. அதாவது 8 சதவீதக் கூட்டு வட்டியில் 100 ரூபாய் பத்து வருடத்தில் 216 ரூபாய் ஆகிறது. அதே கோட்டில் எல்.எல்.3-ஐப் பார்த்தால் 2,200 பக்கம் நிற்கும். அது நூறு வருடம். ஒரே கோடு, மூன்று ஸ்கேல். கூட்டு வட்டி எப்படி வளர்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இப்படிக் காட்டியதில்லை.

மூங்கில் ஏன்

சேகரிப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கச் சாய்வு இருக்கும். சிலர் ஜெர்மனியின் ஃபேபர்-காஸ்டெல், அரிஸ்டோ, நெஸ்லர் கோல்களில் உயிரையே வைத்திருப்பார்கள். சிலர் அமெரிக்காவின் கொய்ஃபல் அண்ட் எஸ்ஸர் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். அலுமினியத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய பிக்கெட் கோல்களுக்கு என்று ஒரு கூட்டம் உண்டு. அதன் கைக்கடக்கமான ‘என்600-இஎஸ்’ மாதிரி அப்பல்லோ விண்கலங்களில் போனது. என் சாய்வு ஹெம்மி பக்கம்.

காரணம் மூங்கில்தான். ஐரோப்பாவில் இந்தக் கோல்களை முதலில் பாக்ஸ் மரத்திலும் பிறகு மகோகனியிலும் செய்தார்கள். 1880-களில் ஹம்பர்க்கின் டென்னர்ட் அண்ட் பாப்பே மரத்தின்மேல் வெள்ளை செல்லுலாய்ட் தகட்டை ஒட்ட ஆரம்பித்ததும் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் மரம் மரம்தான். ஈரக் காற்றில் ஊதும், வறண்டால் சுருங்கும். அரை மி.மீ. ஊதினாலே நடுப்பட்டை சிக்கிக்கொள்ளும்.

ஜப்பானில் ஹெம்மி ஜிரோ என்ற அளவுக்கருவி வேலைக்காரர் 1895-இல் ஸ்லைடு ரூல் செய்யத் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து வந்த மன்ஹைம் வகைக் கோல்தான் அவருக்கு மாதிரி. மரத்தோடு பல வருடம் போராடிவிட்டு அவர் போய்ச் சேர்ந்த இடம் மூங்கில். நன்றாக உலர்த்திப் பட்டைகளாக ஒட்டிய மூங்கில் ஈரத்துக்கும் வெயிலுக்கும் பெரிதாக அசைவதில்லை. அதற்கே உரிய வழுவழுப்பால் நடுப்பட்டை எண்ணெய் இல்லாமலே ஓடும். 1912-இல் காப்புரிமை வாங்கினார். கூடை முடைய, ஏணி கட்ட, பந்தல் போட என்று மூங்கிலோடு புழங்கிய நமக்கு அந்தப் பொருளின் குணம் தெரியும். ஆனால் பத்தில் ஒரு மி.மீ. துல்லியம் வேண்டிய வேலைக்கு அதை நம்பிக் கொடுக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும். முதல் உலகப் போரில் ஜெர்மன் சரக்கு வருவது நின்றதும் ஜப்பானியக் கோல்களுக்கு வெளிநாட்டுக் கதவுகள் திறந்தன. இரண்டாம் போருக்குப் பிறகு, அமெரிக்கப் பொறியாளர்கள் ஃபிரெடெரிக் போஸ்ட் என்ற சிகாகோ நிறுவனத்தின் ‘வெர்சாலாக்’ என்று வாங்கிப் பெருமையோடு இடுப்பில் தொங்கவிட்டதும் ஹெம்மி செய்த மூங்கில் கோலைத்தான்.

மேலே உள்ள வெள்ளைத் தகட்டுக்கும் ஆசியக் கதை ஒன்று உண்டு. செல்லுலாய்டில் பாதி உயிர் கற்பூரம். அப்போது ஜப்பான் ஆட்சியில் இருந்த தைவான்தான் உலகக் கற்பூரத்தில் பெரும்பகுதியைத் தந்தது. பழைய ஹெம்மி பெட்டியைத் திறந்து முகர்ந்தால் இன்னும் லேசாக அந்த வாசனை வரும்.

ஹெம்மியில் நான் எப்போதும் காட்டிப் பெருமைப்படுவது 153-ஆம் எண் மாதிரி. மின்பொறியாளர்களுக்காகச் செய்தது. அதில் பி, க்யூ என்று இரண்டு ஸ்கேல்களில் எண்கள் மடக்கைப்படி இல்லை, வர்க்கத்தின்படி எழுதப்பட்டிருக்கும். ஆகவே நீளங்களைக் கூட்டினால் வர்க்கங்களின் கூட்டல் கிடைக்கும். 3-ஐயும் 4-ஐயும் அடுத்தடுத்து வைத்தால் 5. செங்கோண முக்கோணத்தின் கர்ணம் ஒரே நகர்த்தலில்! மாறுமின் சுற்றில் மின்தடையையும் மின்மறுப்பையும் சேர்த்து மொத்த மறிப்பைக் காண இதைத்தான் தினமும் போட வேண்டும். சாதாரணக் கோலில் நான்கைந்து படிகள் பிடிக்கிற வேலை.

நான்கு வருடத்தில் முடிந்த கதை

1972-இல் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தின் ‘எச்பி-35’ கால்குலேட்டர் வந்தது. சைன், காஸ், மடக்கை, அடுக்கு எல்லாம் சட்டைப்பையில். விலை 395 டாலர். மாணவனால் தொட முடியாத விலை. ஆனால் விலை சரிந்த வேகம் யாரும் நினைத்துப் பார்க்காதது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் கால்குலேட்டர்களுக்கு ‘எஸ்ஆர்’ என்றே பெயர் வைத்தது, ஸ்லைடு ரூலின் முதலெழுத்துகள். 1976 வாக்கில் கொய்ஃபல் அண்ட் எஸ்ஸர் தன் கடைசிக் கோலைச் செய்து முடித்தது. ஹெம்மியும் அந்தக் காலத்தை ஒட்டியே கோல் செய்வதை நிறுத்தியது. ஹெம்மி நிறுவனம் இன்றும் பெயரில் ஸ்லைடு ரூலைச் சுமந்தபடி வேறு தொழில் செய்துகொண்டிருக்கிறது.

ஒரு மூலையில் மட்டும் இந்தக் கருவி சாகவில்லை. விமானி பயிற்சியில் இன்னும் கையில் எடுக்கிற ‘இ6பி’ என்ற வட்டத் தகடு ஒரு ஸ்லைடு ரூல்தான். தூரம், வேகம், எரிபொருள் எல்லாம் விகிதக் கணக்குகள், மின்கலமும் வேண்டாம். டோக்கியோவின் கன்சைஸ் நிறுவனம் வட்டக் கோல்களை இன்னும் புதிதாகச் செய்து விற்கிறது. வட்டக் கோலில் ஓரம் என்பதே கிடையாது. மனைக் கணக்கில் வந்ததுபோல் விடை வெளியே ஓடாது. பழசில் நல்லது கிடைக்காதவர்கள் அதில் தொடங்கலாம்.

வாங்கும்போது

லட்சக்கணக்கில் செய்து குவித்த பொருள் என்பதால் சாதாரண மாதிரிகளுக்கு இன்றும் பெரிய விலை இல்லை. விலை ஏறுவது கதையால். சந்திரனுக்குப் போன அப்பல்லோ 11-இல் பஸ் ஆல்ட்ரின் எடுத்துச்சென்ற பிக்கெட் கோல் 2007 ஏலத்தில் 77,675 டாலருக்குப் போனது. அதே மாதிரியில் விண்வெளிக்குப் போகாத கோலும் அதே விடையைத்தான் தரும்.

முதலில் கர்சரைப் பாருங்கள். நான் இணையத்தில் வாங்கிய இரண்டாவது கோலில் படம் இரண்டு ஓரங்களைத்தான் காட்டியது. வந்து சேர்ந்தபோது கர்சரே இல்லை. கர்சர் இல்லாத கோலில் பெருக்கலாம், ஏ-யிலிருந்து டி-க்குப் போவது சிரமம். மாற்றுக் கர்சர் அதே மாதிரியிலிருந்துதான் வர வேண்டும், அதற்கு இன்னொரு கோலைக் கொல்ல வேண்டியிருக்கும். அதனால் விற்பவரிடம் கர்சர் நடுவில் நிற்கிற மாதிரி முன்னும் பின்னும் படம் கேளுங்கள். சி-யின் 1-ஐ டி-யின் 1-க்கு நேராக வைத்து ஒரு படம், அதே நிலையில் வலது ஓரத்து 10-கள் பொருந்துகின்றனவா என்று கிட்டப்படம் ஒன்று. அங்கே ஒரு கோடு தள்ளியிருந்தால் தகடோ உடம்போ சுருங்கியிருக்கிறது. அதைச் சரிசெய்ய வழியில்லை. கர்சர் சாய்ந்திருந்தால் கவலை வேண்டாம், பெரும்பாலானவற்றில் சட்டத்தில் உள்ள சிறு திருகாணிகளைத் தளர்த்தி நேராக்கலாம். இருபக்கக் கோலாக இருந்தால் முன்பக்க மயிரிழையும் பின்பக்க மயிரிழையும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும்.

கையில் கிடைத்தால் கோலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். நடுப்பட்டை தானாக விழக்கூடாது. கட்டைவிரலால் தள்ளினால் தயங்காமல் போக வேண்டும். ‘மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்’ என்ற அச்சு இருந்தால் அது போருக்குப் பின் ஜப்பான் அமெரிக்கப் படையின் ஆக்கிரமிப்பில் இருந்த காலத்தது, 1952-க்குப் பிந்தியதல்ல. ஆரம்பகாலப் பிக்கெட்களில் அலுமினியத்துக்குப் பதில் மெக்னீசியம். அவை பெரும்பாலும் அரித்துப்போய்த்தான் கிடைக்கும். விலை மலிவு என்று ஏமாற வேண்டாம்.

சுத்தம் செய்வதில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். முதலில் வாங்கிய கோலை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். சிவப்பு எண்களில் பாதி பஞ்சோடு வந்துவிட்டன. நகப்பூச்சு அழிக்கிற திரவம் இன்னும் மோசம், செல்லுலாய்டையே கரைத்துவிடும். பிழிந்த ஈரத்துணியில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு போதும், உடனே உலர்ந்த துணி. பிடிவாத அழுக்குக்கு வெள்ளை ரப்பர். மூங்கில் ஓடும் பள்ளத்தில் தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விடாதீர்கள், தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். நடுப்பட்டையை வெளியே இழுத்து, பள்ளத்தைப் பழைய பல்துலக்கியால் தட்டி, காய்ந்த துணியால் தேய்த்தால் ஓட்டம் திரும்பிவிடும்.

நம் ஊர்க் காற்றில், அதுவும் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு, பாதுகாப்பு பெரிய விஷயம். தோல் உறைக்குள்ளேயே வருடக்கணக்கில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி வைப்பதும் தவறு. செல்லுலாய்ட் வயதாகும்போது அமிலப்புகை விடும், அது வெளியேற வழி வேண்டும். கற்பூர வாசனை வந்தால் பயமில்லை. புளிப்பு நெடி அடித்து, தகடு மஞ்சளாகி நுண்வெடிப்பு விட ஆரம்பித்தால் அந்தக் கோலை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள், பக்கத்தில் இருப்பதையும் அரிக்கும். செல்லுலாய்ட் எளிதில் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பூஜை அலமாரியில் வைக்க வேண்டாம்.

எத்தனை வாங்கலாம் என்று கேட்டால், பெருக்கல் வகுத்தலுக்கு ஒரு சாதாரண ஒருபக்கக் கோல், எல்.எல். ஸ்கேல்கள் உள்ள இருபக்கக் கோல் ஒன்று, பையில் போட்டுக்கொள்ள 12 செ.மீ. கோல் ஒன்று. இந்த மூன்றையும் ஓடவிட்டுப் பழகிய பிறகு 153 மாதிரிச் சிறப்புக் கோல்களைத் தேடலாம். ஓடாமல் கிடக்கும் கோல் இறுகும். வாரம் ஒருமுறையாவது நடுப்பட்டையை இரண்டு பக்கமும் முழுக்க இழுத்து விடுங்கள். அதற்குச் சாக்காகவாவது ஒரு கணக்குப் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு மனைகள் பார்க்கப் போகிறோம். ‘ஆர்’, ‘எஃப்’ குத்திய கோலில் சி-யின் 10 இப்போது டி-யின் 4.356 மேல் நிற்கிறது. போய்வரும்வரை அதை யாரும் தொட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.